சலித்தெடுத்த உப்பு

கல்யாணமாகி மரக்காணம் வந்த மூன்றாம் நாளே கலைமதி உப்பளப் பாத்திக்குள் விழுந்தாள்.

அவள் கணவன் ராஜவேல் அங்கே மேஸ்திரி. காலைச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வரப்பின்மேல் நடந்து போனாள். வானூர் பக்கத்தில் மல்லாட்டை என்ற வேர்க்கடலை விளையும் கொல்லையில் வளர்ந்தவளுக்கு வரப்பு ஒன்றும் புதிதில்லை. ஆனால் கொல்லை வரப்பில் இரண்டு பேர் கைகோத்து நடக்கலாம். இங்கே ஒரு கால் வைத்தால் இன்னொரு காலுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. எதிரே உப்பளத்தில் வேலை செய்யும் ஆராயி தலையில் உப்புக் கூடையோடு வந்தாள். வழி விடுவதற்காகக் கலைமதி ஒரு அடி ஒதுங்கி வைத்தாள். ஒதுங்கிய இடம் பாத்தி. அன்றைக்கு வாருவதற்காகப் பூத்துக் கிடந்த உப்பின் நடுவில் தூக்கோடு போய் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வரப்பிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பார்த்தால் செந்தமிழ்.

செந்தமிழ் ராஜவேலின் மகள். பதினொரு வயது. அவளுடைய அம்மா மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருஷமாகியிருந்தது. கலைமதி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த பெண் அப்போதுதான் முதல்முதலாக வாயைத் திறந்தாள்.

"எறங்கக் கூடாது. எதிர்ல கூடை வந்தா வெறுங்கையா இருக்கிறவங்கதான் வழி விடணும். ஆனா பாத்தியில கால் படக் கூடாது. இப்படி."

ஒற்றைக் காலின் நுனியில் அரைச் சுற்றுச் சுற்றினாள். வரப்பின் விளிம்பில் அந்த ஒரு காலால் மட்டும் நின்றாள். மற்றக் கால் பாத்திக்கு மேலே காற்றில் அசையாமல் நின்றது. ஆராயி கூடையோடு அவளைத் தாண்டிப் போனபிறகு, அதே காலில் மறுபடியும் சுற்றி முன்போல நடக்கத் தொடங்கினாள். உப்பளத்தில் எல்லாருக்கும் அது தெரிந்த பழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் செய்வதற்கும் இவள் செய்வதற்கும் வித்தியாசம் இருந்தது. சேற்றில் உட்கார்ந்தபடியே கலைமதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வருதும்மா" என்றாள் ஆராயி. "பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கிறாங்க. நீ மொதல்ல எந்திரி, உப்பு கறுக்குது."

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பவர் அந்தோணிதாஸ் என்ற விளையாட்டு ஆசிரியர். மெத்தைக்குப் பதிலாகக் கடற்கரை மணலைக் குழியில் கொட்டி வைத்திருந்தார். பீம் என்பது சவுக்கு மரத்தை இரண்டாக அறுத்து, ஒரு சாண் அகலம்கூட இல்லாமல் இழைத்த ஒற்றைக் கட்டை. தொங்கிச் சுற்றும் பாருக்குப் பழைய இரும்புக் குழாய். இவற்றை வைத்துக்கொண்டுதான் ஆறேழு பெண்கள் கரணம் அடித்தார்கள். போட்டிகள் படிப்படியாக நடக்கும். முதலில் வட்டாரம், பிறகு மாவட்டம், பிறகு மண்டலம், கடைசியில் மாநிலம். ஒவ்வொரு படியிலும் முதல் இரண்டு பேருக்குத்தான் அடுத்த படி. போன வருஷம் செந்தமிழ் மாவட்டத்தில் நான்காவதாக வந்து, அத்தோடு வீடு திரும்பியிருந்தாள்.

இந்த வருஷம் போட்டிக்கான விண்ணப்பப் பாரத்தில் அப்பா கையெழுத்து வேண்டியிருந்தது. அதை நீட்டிக்கொண்டு செந்தமிழ் நின்ற அன்று, திண்டிவனத்திலிருந்து ராஜவேலின் அக்கா தனகோடி வந்திருந்தாள்.

"எதுக்கு இது? பொட்டப் புள்ளைய தலைகீழா நிக்க வெச்சு நாலு பேரு மார்க் போடுறதுக்கா? ஏம்பா, கழுத்து கிழுத்து முறிஞ்சா யாரு பாக்கிறது? எங்க, உங்க அம்மாவக் கூப்புடு, அவளையும் கேப்போம்."

செந்தமிழ் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "கூப்புடுறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கலைமதிக்கு அது பழகியிருந்தது. சோறு வேண்டுமென்றால் தட்டு மட்டும் வந்து நிற்கும். தலை பின்ன வேண்டுமென்றால் சீப்பு வந்து நிற்கும். அம்மா என்றோ சித்தி என்றோ எதுவும் வராது. யாரையும் கூப்பிடாமலேயே ஒரு வீட்டில் இத்தனை காரியம் நடக்கும் என்பதை அவள் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டாள்.

தனகோடி ஊருக்குப் போனபிறகு, பாரம் அப்படியே அலமாரி மேல் கிடந்தது. ராஜவேல் சட்டையை மாட்டியபடி அதைப் பார்க்காமல் பார்த்தான்.

"போட்டுடுங்க" என்றாள் கலைமதி.

"எனக்குப் பயமா இருக்குது கலை. அவ அந்தக் கட்டை மேல ஏறினா என்னால பாக்க முடியல. இன்னொரு ஆளையும் பறிகுடுக்க என்னால ஆகாது."

"அதுக்காக அவள நடக்கவே விடாம வெச்சிருப்பீங்களா?"

அவன் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தான். கலைமதி கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க. இந்த வருஷம் மட்டும் விடுங்க. மாநிலம் வரைக்கும் போயிட்டான்னா அதுக்கப்புறம் யாரும் நிறுத்தக் கூடாது. நீங்களும் சரி, உங்க அக்காவும் சரி. போகலன்னா நிறுத்திடலாம். அத நானே அவகிட்ட சொல்லிடுறேன்."

"நீ எதுக்கு இவ்ளோ வாதாடுற? அவ உன்ன ஒரு வார்த்த கூப்புடக்கூட மாட்டேங்குறா."

"கூப்புட்டாத்தான் பேசணுமா? நீங்ககூடத்தான் கல்யாணமாயி பத்து நாளு என் பேரச் சொல்லல. இந்தா, ஏ, அவ்ளோதான்."

ராஜவேல் காதுவரை சிவந்தான். "இப்ப சொல்றேன்ல."

"எங்க, சொல்லுங்க."

"கலை" என்றான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

வட்டாரத்தில் செந்தமிழ் முதலாவதாக வந்தாள். அங்கே போட்டியே மூன்று பேர்தான். மாவட்டப் போட்டி செப்டம்பரில் விழுப்புரத்தில் நடந்தது. கூட ஒரு பெண் துணை வர வேண்டும் என்று அந்தோணிதாஸ் சார் சொல்லிவிட்டதால், கலைமதியும் புளிசாதம் கட்டிக்கொண்டு போனாள்.

ஓடி வந்து தாவும் வால்ட், தரையில் செய்வது, பீம், பார் என்று நான்கு. நான்கையும் கூட்டித்தான் இடம். செந்தமிழ் தரையில் நன்றாகச் செய்தாள். பீமில் இன்னும் நன்றாகச் செய்தாள். பாரில் மட்டும் கை வேர்த்து வழுக்கி, தொங்கித் தொங்கி ஒப்பேற்றினாள். மொத்தத்தில் இரண்டாவது. மண்டலத்துக்குத் தேர்வாகிவிட்டாள் என்றதும் கலைமதி பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சார் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். இவர்கள் கடைசி சீட்டில்.

"பெரிய பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஒரு கிண்ணத்துல கைய விட்டுட்டுப் போயி பாரப் புடிச்சாங்களே, வெள்ளையா, அது என்னா பொடி?" என்று கேட்டாள் கலைமதி.

செந்தமிழ் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "தெரியல. அது பூசினா வழுக்காதாம்."

"தூரத்துல பாக்க உப்பு மாதிரி இருந்துச்சு."

"உப்பாத்தான் இருக்கும். நம்ம ஊர்லருந்து வாங்கிட்டுப் போயிருப்பாங்க."

சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. எழுந்து முன்னால் போனால் சார் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருவருக்கும் அது தோன்றவில்லை. மரக்காணத்துக்காரர்கள் வெள்ளையாக ஒரு பொடியைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று இன்னொருவரிடம் போய்க் கேட்பார்களா என்ன?

மறுநாள் கலைமதி விஷயத்தைச் சொன்னதும் ராஜவேல் உற்சாகமாகிவிட்டான். இதுவரை அந்த விளையாட்டில் தனக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை, பயப்படுவதைத் தவிர, என்று இருந்தவன். கடைக்கோடிப் பாத்தியில் மேலாக வாரிய, மண் படாத உப்பாகப் பார்த்து ஒரு முறம் கொண்டுவந்தான். இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டார்கள். மிக்சியில் போட்டால் பிளேடு துருப்பிடிக்கும் என்று கலைமதி அம்மியில் வைத்து அரைத்தாள். ராஜவேல் தன் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தான். ஒரு முனையைச் செந்தமிழ் பிடிக்க, மறுமுனையைக் கலைமதி பிடிக்க, வேட்டித் துணியில் சலித்தார்கள். கீழே விழுந்தது உப்பா, பவுடரா என்று சொல்ல முடியாது. அவ்வளவு நைசு.

"மூஞ்சில பூசலாம் போலருக்குதே" என்றான் ராஜவேல்.

"பூசிக்கோப்பா. கருவாடு மாதிரி ஆயிடுவ" என்றாள் செந்தமிழ்.

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபிறகுதான், ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்கு மூன்று பேரும் சிரித்தது இதுதான் முதல் தடவை என்று கலைமதிக்குப் பட்டது. பொடியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி இறுக மூடி வைத்தாள்.

செப்டம்பர் வெயிலில் அது நன்றாகவே வேலை செய்தது. காய்ந்த உப்பு, காய்ந்த காற்று. கை சொரசொரவென்று குழாயைப் பிடித்தது. சார் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னா, பவுடரா? நல்லது" என்று போய்விட்டார். அவர் முகத்துக்குப் போடும் பவுடர் என்று நினைத்துக்கொண்டார்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுவதும் ஒரே தண்ணீராகி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் போயிற்று. வேலை இல்லாததால், கடலூரில் நடந்த மண்டலப் போட்டிக்கு ராஜவேலும் கூட வந்தான். தகரக் கூரை போட்ட பெரிய அரங்கம். கூரைமேல் மழை கொட்டுகிற சத்தத்தில் மைக்கில் சொல்வது கேட்கவில்லை. உள்ளே நூறு பேர் மூச்சும் ஈரத் துணி வாசனையுமாகப் புழுங்கியது.

பதினொரு பெண்கள். வால்ட்டிலும் தரையிலும் செந்தமிழ் மூன்றாவதாக இருந்தாள். இந்த இரண்டும் முடிந்து அடுத்தது பார். அது ஒழுங்காகப் போனால், பீமில் அவளை அடிக்க ஆளில்லை என்று சார் சொன்னார்.

செந்தமிழ் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் அழுத்திப் பூசினாள். ஒரு தடவை திரும்பிக் கலைமதியைப் பார்த்தாள். பிறகு போய்க் கீழ்ப் பாரைப் பிடித்தாள்.

முதல் சுற்று நன்றாகப் போயிற்று. மேல் பாருக்குத் தாவிப் பிடித்து உடம்பை வீசியபோது இடது கை நழுவியது. வலது கையும் தாங்கவில்லை. மெத்தையில் மல்லாக்க விழுந்தாள்.

ராஜவேல் எழுந்துவிட்டான். கலைமதி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "எந்திரிச்சிட்டா. பாருங்க, எந்திரிச்சிட்டா."

செந்தமிழ் எழுந்து, கையை உடையில் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். ஆனால் பலகையில் அவள் பெயர் ஐந்தாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. சார் ஓடிப் போய்க் குனிந்து கேட்பதும், அவள் தலையை ஆட்டி என்னவோ சொல்வதும் தெரிந்தது. திரும்பி வந்த சார், "கை வேர்த்துடுச்சாம்மா" என்றார்.

கலைமதிக்கு மனசு கேட்கவில்லை. அதே பொடியைப் பூசிக்கொண்டுதானே மற்றப் பெண்களும் ஏறினார்கள்? அவர்களுக்கு மட்டும் எப்படி வழுக்கவில்லை? கடலூர்க் கான்வென்ட் பெண்களின் கிண்ணம் ஒரு நாற்காலிமேல் இருந்தது. எழுந்து போய், ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, உப்பளத்துக்கு வந்த இந்த நாலைந்து மாதத்தில் பழகிப்போன மாதிரி, நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரிக்கவில்லை.

இன்னொரு சிட்டிகை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒரு ருசியும் இல்லை. சுவரைச் சுரண்டி வாயில் போட்ட மாதிரி இருந்தது.

"ஏங்க, அத ஏன் வாயில வெக்கிறீங்க?" நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள். ஆரோக்கியம் என்று பெயர். அவள் மகள் ஆஷ்லின்தான் அதுவரை முதலிடம்.

"இது உப்பு இல்லையா?"

"உப்பா? மக்னீசியம்ங்க. கட்டியா வரும், ஒடச்சு வெச்சுக்கிறது. ஏன், நீங்க என்னா போட்டீங்க?"

கலைமதி விரலில் ஒட்டியிருந்த பொடியைப் பார்த்தாள். அம்மாளுக்கு அவள் முகத்திலேயே பதில் கிடைத்துவிட்டது.

"ஐயோ, உப்பத் தடவியா பார்ல ஏத்துனீங்க? ஏங்க, புள்ளைய ஊறுகா போடவா கூட்டிட்டு வந்தீங்க?"

பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கலைமதியால் சிரிக்க முடியவில்லை. மழை நாளில் அடுப்படி உப்பு ஜாடி தண்ணீர் விடுவது அவள் தினமும் பார்ப்பது. இந்த ஈரக் காற்றில் கை மட்டும் காய்ந்தா இருக்கும்?

செந்தமிழ் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டையும் மூடி வைத்திருந்தாள். கலைமதி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"தமிழு, அவங்க பூசுறது உப்பு இல்லடி."

"தெரியும்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"மேல் பாரப் புடிக்கும்போது. கையில கசிஞ்சுது."

"சார்கிட்ட வேர்த்துதுன்னு ஏன் சொன்ன?"

"உப்புன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. உங்களத்தான் சிரிப்பாங்க." சொல்லிவிட்டு அவளுக்கே கோபம் வந்தது. "கேக்காம எதுக்கு அரைச்சீங்க? ஒரு வார்த்த சாரக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்."

"நானும்தான் கேக்கல." மூடிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இப்ப நான் போகலன்னா, நீங்கதான எங்கிட்ட நிறுத்தச் சொல்லணும்?"

கலைமதிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. "அன்னிக்குக் கேட்டுட்டியா?"

"கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

நான்கு மாதமாக இதைத் தெரிந்துகொண்டுதான் இந்தப் பெண் ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறாள். கலைமதி அவளுடைய மூடிய கையை எடுத்துப் பிரித்தாள். குழாயில் தொங்கித் தொங்கிக் காய்த்த இடத்தில் தோல் கிழிந்திருந்தது. அதன்மேல் உப்பு.

"எரியுதா?"

"ம்."

"சொல்லணும்தான்" என்றாள் கலைமதி. "ஆனா நாலும் முடிஞ்சாத்தான் சொல்லணும். இன்னும் ஒண்ணு இருக்குது. எந்திரி, கை கழுவலாம்."

வெளியே குழாயடியில் ராஜவேல் குடை பிடிக்க, கலைமதி அந்தக் கைகளைத் தேய்த்துக் கழுவினாள். செந்தமிழ் பல்லைக் கடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்ட ராஜவேல் குடையை அவர்கள் பக்கம் இன்னும் சாய்த்தான்.

"கோடி பாத்தி உப்பு. நான்தான் பாத்துப் பாத்து எடுத்தேன்" என்றான். "திட்டறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு பாப்பா."

"அப்புறமாத் திட்டுறேன்ப்பா. இப்ப டைம் இல்ல."

கலைமதி முந்தானையால் விரல் விரலாகத் துடைத்துவிட்டாள். உள்ளே வந்தபோது ஆஷ்லின் ஒரு காகிதத்தில் பொடி மடித்துக்கொண்டு நின்றாள். நெடுநெடுவென்ற பெண்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க. பீமுக்குக் கால்ல பூசிக்கோ."

செந்தமிழ் வாங்கிக்கொண்டாள்.

"நெஜமாவே உப்பா பூசின?"

"ஆமா."

"எரியல?"

"நீ வேணா பூசிப் பாரு, பாட்டில் இருக்குது."

ஆஷ்லின் சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

பீமில் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஈரக் காற்றோ, கூரைச் சத்தமோ, விழுந்துகொண்டே இருந்தார்கள். ஆஷ்லின்கூட ஒரு தடவை தடுமாறி, குனிந்து கட்டையைப் பிடித்துத்தான் நின்றாள். இரண்டாவதாக இருந்த பெண் இரண்டு முறை விழுந்தாள். செந்தமிழ் பெயரைக் கூப்பிட்டதும் ராஜவேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

"என்னா பண்றா?"

"நடக்குறா. பேசாம இருங்க."

"எறங்கிட்டாளா?"

"இப்பத்தானங்க ஏறினா."

கட்டையின் நடுவில் முன்பக்கமாக ஒரு கரணம். செந்தமிழ் காலை ஊன்றி எழுந்தாள். அடுத்தது சுற்று. ஒற்றைக் காலின் நுனியில் முழுதாக ஒரு சுற்று. சுற்றி முடிக்கும் இடத்தில் கூரைமேல் பெரிதாக ஏதோ விழுந்தது. மரக்கிளையாக இருக்கலாம். அரங்கமே நிமிர்ந்து பார்த்தது. செந்தமிழின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. தூக்கிய கால் வெளியே போயிற்று.

இறங்கக் கூடாது என்று கலைமதிக்குத் தன்னையறியாமல் வாய்க்குள் வந்தது. பாத்தியில கால் படக் கூடாது.

செந்தமிழ் இறங்கவில்லை. எதிரே கூடை வருவதுபோல, அந்த ஒரு காலின்மேலேயே விளிம்பில் நின்றாள். மற்றக் கால் காற்றில் அசையாமல் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம். பிறகு அதே காலில் திரும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து, நுனியில் போய்க் கைகளை ஊன்றிப் பல்டி அடித்துக் குதித்தாள். இரண்டு காலும் ஒன்றாக மெத்தையில் பதிந்தன.

"எறங்கிட்டாளா?" என்றான் ராஜவேல்.

கலைமதி அவன் தோளைத் தொட்டு மெத்தையைக் காட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்துப் பயந்துபோய், மெத்தையைப் பார்த்தான். அங்கே மகள் கையை உயர்த்தியபடி நிற்பதைக் கண்டதும், மனைவியின் தோளைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டான். பொது இடத்தில் அவன் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. செய்தபிறகு கையை எடுக்க மறந்துவிட்டான்.

பதினொரு பேரில் பீமிலிருந்து விழாமல் இறங்கியவர்கள் மூன்றே பேர். பலகையில் பெயர்கள் மாறி மாறிக் கடைசியில் நின்றபோது, முதலில் ஆஷ்லின், அடுத்தது செந்தமிழ். அந்தோணிதாஸ் சார் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மூன்றாம் தடவையும் படித்தார். மாநிலப் போட்டி ஜனவரியில் சென்னையில் என்று மைக்கில் சொன்னார்கள். மழைச் சத்தத்தில் ஜனவரி என்பது மட்டும் கேட்டது. ஆரோக்கியம் வந்து கலைமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரிச்சது தப்புங்க" என்றாள்.

"பரவால்லங்க. எங்க வீட்ல இன்னும் நாலு நாளைக்குச் சிரிப்பாங்க."

மழை விட்டிருந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, செந்தமிழுக்குப் பசித்தது. தள்ளுவண்டியில் கொய்யாக்காய் கீறி வைத்திருந்தார்கள். ராஜவேல் மூன்று வாங்கினான். கடைக்காரர் மிளகாய்த்தூள் உப்பு தூவப் போனபோது, செந்தமிழ் தடுத்தாள்.

"மொளகாத்தூள் மட்டும் போடுங்க. உப்பு எங்ககிட்ட இருக்குது."

ஹார்லிக்ஸ் பாட்டில் பையிலிருந்து வெளியே வந்தது. வழியில் எங்காவது கொட்டிவிடலாம் என்று கலைமதி நினைத்திருந்த பாட்டில். ஓரமெல்லாம் நீர்கோத்துக் கட்டியாகிக் கிடந்தது. செந்தமிழ் ஒரு கட்டியை விரலால் நசுக்கித் தூவி, முதல் துண்டை அப்பாவுக்குக் கொடுத்தாள்.

"நல்ல உப்பு" என்றான் ராஜவேல், மேஸ்திரியாக. கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொன்னான். "அக்கா கேட்டா நான் பேசிக்கிறேன். அடுத்த வருஷ பாரத்தையும் சார்கிட்ட இப்பவே வாங்கிடலாமா? கையெழுத்துப் போட்டு வெச்சிடுறேன்."

"அடுத்த வருஷ பாரம் அடுத்த வருஷம்தாங்க குடுப்பாங்க" என்றாள் கலைமதி.

"இல்ல, எனக்கு மனசு மாறிடக் கூடாதுல்ல."

"மாறுனா நான் இருக்கேன்."

செந்தமிழ் அடுத்த துண்டில் உப்பைத் தூவினாள். தோல் கிழிந்த கையில் படாமல் விரல் நுனியால் மட்டும் பிடித்து, அதைக் கலைமதியிடம் நீட்டினாள்.

"சித்தி, சென்னைல என்னா பொடி பூசுவாங்க, எங்க கிடைக்கும்னு சார்கிட்ட இப்பவே கேட்டு வெச்சிடுங்க. நீங்க பாட்டுக்கு மைதாவச் சலிச்சு எடுத்துட்டு வந்துடாதீங்க."

ராஜவேல் மெல்லுவதை நிறுத்தினான். கலைமதி, பார்க்காதே என்பதுபோல அவனை முழங்கையால் இடித்துவிட்டு, கொய்யாத் துண்டை வாங்கிக் கடித்தாள். கரிப்பு கொஞ்சம் அதிகம்தான். அதைச் சொல்லாமல் தின்றுவிட்டு, முன்னால் டீக்கடையில் நின்றிருந்த அந்தோணிதாஸ் சாரைப் பார்த்து நடந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றாள்.